தில்லி வாசல்

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

சுதந்திர தின நாடகத்துக்கு இன்று ஐந்தாவது ஒத்திகை. 1857, தில்லியை வெள்ளைக்காரன் படை வளைத்து நிற்கிறது. வாசல் காவலன் வேஷம் என் வீட்டுக்காரர் சுடலைமணிக்கு. ஏலக்காய் ஸ்டோரில் இருபத்தாறு வருஷமாக வாட்ச்மேன், வேறு யாருக்குப் பொருந்தும்? "உசுரு போனாலும் இந்தக் கதவு திறக்காது" என்றதும் எஸ்டேட்டில் நாங்கள் குடியிருக்கும் லயமே கை தட்டியது. மறந்தால் எடுத்துக் கொடுக்க நான் இருக்கிறேன், நோட்டோடு.

ஆகஸ்ட் 6, புதன்

பதினோரு பேரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் மகன் பாண்டித்துரையும் அதில் ஒருத்தன். எல்லோரும் ஸ்டோர் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டோம். உள்ளே இருக்கும் காய் மூட்டைகள் விற்பனைக்குப் போய்விட்டால் கம்பெனி நம்மோடு ஏன் பேசப்போகிறது? சாவி இவரிடம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மானேஜர் இவரைத் தனியே கூப்பிட்டிருக்கிறார். மார்ச்சில் ரிட்டயர்டு ஆனதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். கதவைத் திறந்துவிட்டால் சாகும்வரை வீடு எங்களுக்காம்.

"ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு லாரி வருமாம். நீ என்ன சொல்லுத?"

எங்கே போவோம் — ஊரில் ஒரு முழம் நிலம் உண்டா?

ஆகஸ்ட் 9, சனி

திறக்கச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சங்கத் தலைவர் மொக்கையன் அண்ணன்தான் நாடகத்தில் தளபதி. "வாசல்ல சுடலை இருக்கான்லா, பாத்துக்கிடுவான். எல்லாரும் ஒத்திகைக்கு வாங்க" என்றார். வேஷத்தை நம்பிவிட்டார்கள். மூன்று மணிக்குக் கலையப் பார்த்தவர்களை, "இன்னொரு தடவ பாத்துருவோம்ணே" என்று நிறுத்தியது நான்தான். லாரி சத்தம் கேட்டுவிடக்கூடாதென்று கொட்டு மேளத்தை ஓங்கி அடிக்கச் சொன்னேன். பாவி நான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஸ்டோர் காலி. பூட்டு உடையவில்லை, எல்லோருக்கும் புரிந்துவிட்டது. யாரும் திட்டவில்லை. குழாயடியில் சுருளியம்மாள் என் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

பாண்டித்துரை வேறு எஸ்டேட்டில் வேலை தேடி, பெட்டியோடு சக்குபள்ளத்துக்கு ஜீப் ஏறினான். வேஷத்துக்கு வேறு ஆள் போடச் சொல்லி இவர் கேட்டதற்கு மொக்கையன் அண்ணன், "வேண்டாம். நீயே நில்லு" என்றார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றி முடிந்ததும் நாடகம். வெள்ளைக்காரன் வந்து கதவைத் தட்டினான். இவருக்கு வசனம் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நோட்டு விரிந்துதான் இருந்தது. எனக்கும் வாய் வரவில்லை. கொட்டு நின்றது. கூட்டத்திலிருந்து சுருளியம்மாள் எழுந்து நிதானமாகச் சொன்னாள்: "உசுரு போனாலும் இந்தக் கதவு திறக்காது." இவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பின்னாலேயே வந்தேன். வீட்டுக்குள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். தட்டித் தட்டிப் பார்த்தேன், திறக்கவில்லை. சாகும்வரை எங்களுக்கென்று வாங்கிய வீட்டின் வாசலில் உட்கார்ந்து, நாடக நோட்டின் கடைசித் தாளில் இதை எழுதுகிறேன்.