எதிர்க்கரையிலிருந்து வந்த குரல்

பிப்ரவரி 9

பால் நிலையத்தில் கேன் கழுவிக்கொண்டிருந்தேன், பாட்டு டீச்சர் வந்தார். ஏரியில் திறந்தவெளிக் கச்சேரியாம். இந்தக் கரையில் எங்கள் ஊர்க் குழு, எதிர்க்கரையில் அந்த ஊர்க் குழு. நாங்கள் ஒரு வரி பாட, அவர்கள் பதில் பாட வேண்டும். மைக் கிடையாது.

"நடக்கிற காரியமா டீச்சர்?"

"எனக்கும் தெரியலைங்க. அதனாலதான் ஆசையா இருக்கு."

ஈரக் கையோடு தலையாட்டிவிட்டேன்.

பிப்ரவரி 10

எதிர்க்கரைக் குழுவில் அக்காவும் இருக்கிறாளாம்.

பிப்ரவரி 11

அம்மாவை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று ஆரம்பித்த சண்டை. அம்மா போய்ச் சேர்ந்தும் சண்டை போகவில்லை. அக்கா வீட்டு நீலத் தகரக் கூரை இங்கிருந்தே தெரியும். பேசித்தான் வருஷக்கணக்காகிறது.

விலகிவிடட்டுமா என்று இவரிடம் கேட்டேன். "நடுவுல ஒரு ஏரியே கிடக்கு. இதுக்கு மேல என்ன பாதுகாப்பு வேணும் உனக்கு?" மனுஷனுக்கு எல்லாம் விளையாட்டு.

பிப்ரவரி 20

ஒத்திகை. என் குரல் கேன் மூடி மாதிரிக் கிறீச்சிடுகிறது.

மார்ச் 2

சாயங்காலம் கரை முழுக்க ஜனம். டிராக்டர் மேலெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க்கரைக் குழு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தது. பாடினோம். பதில் இல்லை. காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது; அவர்கள் குரல் எங்கே வரும்? மறுபடி பாடினோம். ஊஹும். "வீட்டுக்குப் போயிட்டாங்க போல!" என்று எவனோ கத்த, ஒரே சிரிப்பு. டீச்சர் முகம் வாடிவிட்டது. போதும் என்று கையை இறக்கப் போனார்.

சட்டென்று காற்று நின்றது. தண்ணீர் அசையவில்லை. அதன்மேல் ஒரு குரல் வந்தது.

ஒரே ஒரு குரல். மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் அவள் மட்டும் விடாமல் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தக் கனத்த அடித்தொண்டை - அக்காதான். ஒரே போர்வைக்குள் கிசுகிசுத்த குரல்தானே அது? இவ்வளவு பெரிதாக எப்போது ஆயிற்று? ஏரி முழுக்க நிரம்பி, என் காலடி வரைக்கும் வந்து நின்றது.

நான் அழுவதை டீச்சர் பார்த்துவிட்டார். "நீங்க மட்டும் பாடுங்க."

ஐயோ, நானா? எப்படிப் பாடினேன், தெரியாது. வாயைத் திறந்தேன், குரல் போய்க்கொண்டே இருந்தது. என்னுடையதுதானா என்றுகூடத் தோன்றியது. ஏரி நடுவிலிருந்து கொக்குகள் எழுந்து பறந்தன. அப்புறம் அவள் பதில். அப்புறம் இரண்டு குழுவும் சேர்ந்துகொண்டன. எது எங்கள் குரல், எது அவர்கள் குரல் என்று பிரிக்க முடியவில்லை.

பாட்டு முடிந்தது. டிராக்டர் மேலிருந்தவர்கள் இறங்கி நின்றிருந்தார்கள். கைதட்டல் முதலில் எதிர்க்கரையிலிருந்துதான் கேட்டது, மழை நெருங்கி வருகிற மாதிரி.

மார்ச் 3

பாலை அளக்காமலே கேனில் ஊற்றிவிட்டேன். நல்லவேளை, பால் கொண்டுவந்தவர்கள் யாரும் திட்டவில்லை. அவர்களும் நேற்றைய பேச்சில்தான் இருந்தார்கள்.

மார்ச் 8

மத்தியானம் கதவைத் திறந்தால் அக்கா. சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே, "ரெண்டாவது வரியில ஏன்டி பாதியில மூச்சு விட்ட?"

"நீ மட்டும் ஒழுங்காப் பாடினியாக்கும்!"

பொழுது சாய்கிற வரை இருந்தாள். அம்மா பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கிளம்பும்போது பார்த்தால் அவளுடைய ஒற்றைச் செருப்பை எங்கள் நாய் கடித்துக் குதறி வைத்திருந்தது. என் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். வியாழக்கிழமை கொண்டுவந்து தருகிறாளாம்.