நிமிர்ந்த மூச்சு

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், அப்பா. கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அம்மா இன்று உங்கள் தலையணைகளை வெயிலில் போட்டிருக்கிறார். சூடேறிய பஞ்சின் மணம் வீடெங்கும் நிற்கிறது. அவற்றை அடுக்கிச் சாய்ந்தபடிதான் நீங்கள் கடைசிவரை தூங்கினீர்கள்.

பள்ளி நூலகத்தின் பழைய தாதியர் புத்தகத்திலிருந்த ஆங்கிலச் சொற்களை நான் துண்டுதுண்டாகப் பிரிப்பேன். நீங்கள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்பீர்கள். ‘ப்னியா’ என்றால் மூச்சு. முன்னால் ‘டிஸ்’ வந்தால் மூச்சு விடக் கஷ்டம், ‘டக்கி’ வந்தால் வேகம், ‘பிராடி’ வந்தால் மந்தம், ‘ஏ’ வந்தால் மூச்சே இல்லை.

“எல்லா மீனுக்கும் ஒரே வால், தலைதான் வேற வேற. நல்லா வெட்டுறாய் பிள்ளை” என்று சிரித்தீர்கள்.

‘ஓர்தோ’ என்றால் நிமிர்ந்தது. படுத்தால் முட்டி, நிமிர்ந்தால் மட்டும் வரும் மூச்சுக்கு ஓர்தொப்னியா என்று பெயர். அதைச் சொன்னபோது மட்டும் நீங்கள் சிரிக்கவில்லை.

“படுத்தா நெஞ்சுக்குள்ள கடல் ஏறுது. அதுக்கும் பேர் இருக்கோ?”

யுத்தத்தால் இரவில் கடற்தொழிலுக்குத் தடை. எங்கள் ஊர் உடப்பில் பகலில்தான், மணலில் நின்றபடி, கரைவலை இழுத்தார்கள். ஒரு பிற்பகல், நான் பள்ளி விட்டுக் கரைக்கு வந்த நேரம், வலைக் கயிற்றைப் பிடித்தபடியே நீங்கள் மணலில் சரிந்தீர்கள். கரையில் யார் விழுந்தாலும் கடல்தண்ணீர் குடித்தவராகவே நினைத்து மல்லாத்தி வயிற்றை அமுக்குவது எங்கள் ஆட்களின் வழக்கம். உங்களையும் அப்படியே கிடத்தினார்கள். உதடு நீலமாகிவிட்டது.

“அமுக்குங்கடா, தண்ணி வரட்டும்!” என்றார் மாமா.

“மாமா, அப்பா தண்ணிக்குள்ள இறங்கவே இல்ல! நிமித்தி இருத்துங்கோ!”

“இது பள்ளிக்கூடமில்ல, தள்ளிப் போ!”

நான் போகவில்லை. அவர் கையைத் தட்டிவிட்டு, உங்களைத் தூக்கி இருத்தி, சரியாமலிருக்க உங்கள் முதுகுக்கு என் முதுகை முட்டுக்கொடுத்தேன். மெல்ல மெல்ல மூச்சு வந்தது. ஒவ்வொன்றும் என் முதுகில் பட்டது.

“இதுக்கு... என்ன தலை, பிள்ளை?”

“ஓர்தோ, அப்பா!”

சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் வான் வண்டியில் உங்களை இருத்தியே கொண்டுபோனோம். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிய சிப்பாய், உங்கள் உதட்டைப் பார்த்துவிட்டுத் தடையைத் தூக்கினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் நேர்ஸிடம் அதே சொல்லைச் சொன்னதும், முழங்கையால் என்னை இடித்தீர்கள்.

“உன்ட மீன்!”

அதன் பிறகும் இரண்டு ஆடித் திருவிழா பார்த்துவிட்டுத்தான் போனீர்கள். இப்போது கரையில் யாராவது விழுந்தால், “தண்ணியா, மூச்சா? முதல்ல அதைப் பாருங்கடா!” என்று கத்துபவர் மாமாதான். என்னிடம் இருப்பது, முதுகில் பட்ட அந்த மூச்சு. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றிரவு நேர்ஸ் உங்கள் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டார். நீங்கள் சாய்ந்தபடி, முட்டாமல், சீராக மூச்சு விட்டுத் தூங்கினீர்கள். வார்டு விளக்குகளை அணைத்தார்கள்.