சேகருக்கு விழுந்த மாலை

1997, ஆனி பௌர்ணமி, இரவு

பக்கத்து வீட்டுச் சேகரை இன்று சாமியாராக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் கிரிவலம் வந்த ஒரு குடும்பம், வாசலில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தவனைப் பார்த்து நின்றது. தாடியும் அழுக்கு வேட்டியும் இருந்தால் இந்த ஊரில் போதுமே. சித்தர் என்று காலில் விழுந்தார்கள். அவன் பயந்துபோய்க் கையிலிருந்த டம்ளரை வீசினான். அடி பட்டவர் நெற்றியைத் தடவிக்கொண்டே கும்பிட்டார். அவர் மனைவி மாலை போட்டாள்.

"உடம்பு சரியில்லாத புள்ளைங்க, விட்டுடுங்க" என்றேன். யார் கேட்டார்கள்?

திங்கட்கிழமை அவனை வேலூரில் டாக்டரிடம் காட்டலாம் என்று, அவன் அம்மாவிடம் மாதக்கணக்காகப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தேன். கூட்டம் நகர்ந்ததும் அவனை உள்ளே கூட்டிவந்த அந்த அம்மா, என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது.

"வேலூரெல்லாம் வேணாம்மா. எம்புள்ளைக்கு ஒண்ணுமில்ல. நீயே பாத்த இல்ல?"

எனக்குக் கோபம்தான். ஆனால் திட்ட வாய் வரவில்லை. அவர் பிள்ளையை இதுவரை யார் கும்பிட்டார்கள்?

சேகர் மாலையோடு சுவரில் ஒட்டி நின்றான். வீட்டுக்குள் எங்கள் மூவரைத் தவிர யாருமில்லை.

"அக்கா, இவங்கள போகச் சொல்லுக்கா. காதுகிட்டயே பேசறாங்க. தூங்க விடமாட்டேங்கறாங்க."

திரும்பி அவன் அம்மாவைப் பார்த்தேன். மாலையிலிருந்து உதிர்ந்த பூவைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.