நட்சத்திரத்தின் விலாசம்

புனா
24-6-1961

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். மழை பிடித்துவிட்டது. கல்யாணமான மூன்று வருஷத்தில் நாம் சேர்ந்திருந்தது ஏழு மாதம். தீபாவளிக்குள் அழைத்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். என் பாஸ்போர்ட் டிரங்குப் பெட்டியில் தூங்குகிறது. தமிழில் பேச எனக்குச் சுவர்தான். காய்கறி மண்டியில் என் மராத்தியைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்காகவே தினமும் போகிறேன்.

உங்கள்
சாவித்ரி

கலிபோர்னியா
20-7-1961

அன்புள்ள சாவித்ரி,

கிடைத்துவிட்டது! தொலைநோக்கியில் வானத்தைப் படமெடுத்த இரண்டு மாதத்துக் கண்ணாடித் தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்ததில், பழையதில் இல்லாத புள்ளி ஒன்று புதியதில் இருக்கிறது. வெடித்த நட்சத்திரம், வழக்கத்தைவிடப் பல மடங்கு பிரகாசம். ஆனால் அது எந்த நட்சத்திர மண்டலத்தில் பிறந்தது என்றே தெரியவில்லை. அவ்வளவு சின்ன மண்டலம், வெடிப்பின் வெளிச்சத்தில் மறைந்துவிட்டது. வெளிச்சம் மங்கினால்தான் வீடு தெரியும்; வீடு தெரிந்தால்தான் எப்படிப்பட்ட நட்சத்திரம் வெடித்தது என்று சொல்லலாம். அதுவரை நீ வருவதை ஒத்திப்போடுவோம். கோபித்துக்கொள்ள மாட்டாய்.

புனாவில் மழை எப்படி?

உன்
ஜம்புநாதன்

புனா
3-8-1961

அத்தானுக்கு,

மழை எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். போன மாதம் 12ஆம் தேதி அணை உடைந்து நம் நாராயண் பேட்டுக்குள் ஆறு வந்தது. வீட்டுக்காரம்மா என்னை மாடிக்கு மாடி இழுத்துக்கொண்டு போய்க் காப்பாற்றினாள். நம் வீடு இல்லை. பெட்டியும் போயிற்று. வெள்ள நிவாரண முகாமில் எல்லோருக்கும் ஊரிலிருந்து தந்தி வந்தது. எனக்கும் வரும் என்று வாசலிலேயே நின்றேன். தபால்காரர் நான்கு முகாம் தேடி உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். தேதியைத்தான் முதலில் பார்த்தேன். எட்டு நாளாகியும் உங்களுக்குத் தெரியவில்லை.

கோபமில்லை. கோபப்படவும் எதிரில் ஆள் வேண்டும். ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது, தங்க இடமும் தருகிறார்கள். விலாசம் எழுதவில்லை. நீங்கள் அந்த நட்சத்திரத்தின் வீட்டை நிதானமாகத் தேடுங்கள்.

சாவித்ரி

கலிபோர்னியா
11-3-1962

அன்புள்ள சாவித்ரி,

பதில் இல்லாமல் நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. நட்சத்திரம் மங்கிவிட்டது. அந்த இடத்தில் விரல் அழுக்குப் போல ஒரு சின்ன மண்டலம். பெரிய நட்சத்திரமாக இருந்து அவசரமாக எரிந்து தீர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எல்லோரும் கைகுலுக்கினார்கள். அறைக்கு வந்து சொல்ல யாருமில்லை.

அணை உடைந்த செய்தி வந்த அன்றைய பத்திரிகை என் மேஜையில்தான் கிடந்தது. அதன்மேல் தகட்டை வைத்திருந்தேன்.

வேறு விலாசம் தெரியாததால் இடிந்த வீட்டுக்கே எழுதுகிறேன். உறையின் மேல் தபால்காரருக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். போன முறை உன்னைத் தேடிக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

ஜம்புநாதன்