தார் பூசிய பெஞ்சு

மச்சான், இன்று ஈப்போ ஸ்டேஷனில் உன் பெஞ்சைப் பார்த்தேன். வெயிலில் தார் இளகி அதே நாற்றம். கரையான் ஏறாமலிருக்க நீ அதன் கால்களில் அப்பிய தார்.

லகாட்டுக்கு அப்பால் நம் ஊரில் ஸ்டேஷன் திறந்த அன்று அந்தப் பெஞ்சில் முதலில் உட்கார்ந்தவர் மளிகைக்கடை முதலாளி. ஸ்டேஷன் கேட்டு மனுக் கொடுத்த பெரிய மனிதர். எழுந்தபோது வேட்டி ஓரமெல்லாம் கறுப்பு. "சீல் குத்தியாச்சு மொதலாளி, இனி டிக்கெட் வேணாம்" என்றாய். போர்ட்டர் சட்டை போட்ட முதல் நாளே உனக்கு அந்த வாய்.

சில வருஷம்கூட ஆகவில்லை. அதே முதலாளி மோட்டார் பஸ் வாங்கி, ரயிலில் போன ஜனத்தையெல்லாம் இழுத்துக்கொண்டார். ஸ்டேஷனை மூடினார்கள். உன் சட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ரப்பர் தோட்டத்திலேயே நீ பால்வெட்ட வந்தாய்; குளிர்காய்ச்சலில் விழுந்தாய்.

ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உன்னை பஸ் நிற்கும் இடத்துக்குத் தூக்கி வந்தேன். முதலாளி முன்சீட்டில் இருந்தார். இறங்கவே இல்லை.

"கிராணியாரே, காய்ச்சக்காரன ஏத்துனா நாளைக்கு எவன் லா ஏறுவான்?"

நீ சிரித்தாய். "விடு மச்சான், நம்ம ஸ்டேஷனுக்கே போலாம். கூட்ஸ் டிரைவருக்கு என்னைத் தெரியும்."

ஈயச் சுரங்கத்துச் சரக்கு வண்டி மட்டும் அந்தப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. உன்னைப் பெஞ்சில் படுக்கவைத்து, போர்ட்டர் வேலையில் நீ வைத்திருந்த சிவப்புத் துணியை ஆட்டினேன். டிரைவர் வேகத்தைக் குறைத்தான். "இங்க ஸ்டேஷன் இல்ல! நிறுத்தக் கூடாது!" என்று கத்திவிட்டுப் போயே போனான்.

"சட்டம் பேசுறான் பாரு. என் கையால எத்தன கோப்பி குடிச்சவன்" என்றாய். அதுதான் உன் கடைசிப் பேச்சு. பொழுது சாய்வதற்குள் அந்தப் பெஞ்சிலேயே உன் உடம்பு சில்லிட்டது.

அடுத்த வாரம் அதே வண்டி அதே இடத்தில் நின்றது. கதவு, மணி, பெஞ்சு எல்லாவற்றையும் ஈப்போவுக்கு ஆற அமர ஏற்றிக்கொண்டது. மனிதனுக்கு நிற்காத வண்டி மரச்சாமானுக்கு நின்றது.

இன்று அந்தப் பெஞ்சில் முதலாளிதான் உட்கார்ந்திருந்தார், பினாங்கு வண்டிக்காக. "வாங்க கிராணியாரே, இடம் இருக்கு" என்று நகர்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் எழுந்தபோது வேட்டி ஓரத்தில் உன் சீல். நான் சொல்லவில்லை.

உன் சிவப்புத் துணி என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. துவைக்கவில்லை. இனி எந்த வண்டிக்கும் அதை ஆட்டவும் மாட்டேன்.