முன் பிரேக்

மார்ச் 9, திங்கள்
இடது கையில் மாவுக்கட்டு. கண்ணாடிக் கடைக்கு லீவு சொல்லியாச்சு. ஒற்றைக் கையால் லென்ஸ் மாட்ட முடியுமா என்ன?

அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமை மலை சைக்கிள் குழுவுக்கு அத்தான்தான் தலைவர். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதே கதை. "சரிவுல முன் பிரேக்கைப் பிடிச்சிட்டா. சைக்கிள் குப்புற அடிச்சிடுச்சு. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?"

முன் பிரேக்காம்! இருந்தால்தானே பிடிக்க? "இது ஆளைத் தூக்கி எறியும்" என்று முந்தின நாள் அதைக் கழட்டிப் போட்டதே அவர்தான். பின் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினேன். சக்கரம் இறுகி, சரளையில் வழுக்கி விழுந்தேன். இதைச் சொல்ல வாயைத் திறந்தால், "அடிபட்டதுல குழம்பியிருக்கா" என்கிறார். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். கழட்டும்போது அக்காவும் கூடத்தான் இருந்தாள். இன்றைக்கு டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 10
விட மாட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு
குழுவிலிருந்து அத்தான் என்னைத் தூக்கிவிட்டார். என் பாதுகாப்புக்காகவாம்! அவர் வாயாலேயே, அத்தனை பேர் முன்னால, நான்தான் கழட்டினேன்னு சொல்ல வைக்கலைன்னா நான் நானில்லை.

பார்க்க வந்த எங்கள் கடைக் கல்லாக்காரர் வேறு, "முப்பது தாண்டினா மலை சைக்கிள் ஓட்டக் கூடாதும்மா, முட்டி போயிடும்" என்றார். நாற்காலியை விட்டு எழாமலே உங்களுக்கு எப்படி சார் போச்சு? கேட்கவில்லை. கேட்டிருக்கணும்.

ஏப்ரல் 20
கட்டுப் பிரித்தாச்சு. கை குச்சி மாதிரி இருக்கிறது. பிரேக்கை நானே மாட்டினேன்.

மே 17, ஞாயிறு
தினமும் தனியாகப் பழகுகிறேன். ஒரு விரல் போதும். உடம்பைப் பின்னால் தள்ளி மெதுவாக அழுத்தினால், சரிவில் நிறுத்துவதே முன் பிரேக்தான். பின்னது சும்மா ஒத்து ஊதுகிறது — அக்கா மாதிரி.

ஜூன் 14, ஞாயிறு
கூப்பிடாமலே போய் நின்றேன். சரிவின் அடியில் மொத்தக் குழுவும் இருந்தது. தண்ணீர் கேன்களோடு அக்கா காரில்.

மேலே ஏறி இறங்கினேன். "முன் பிரேக்கைத் தொடாதே!" என்று அத்தான் கத்தினார். அதையேதான் தொட்டேன். சரிவு முடியுமுன், அவர் மூக்குக்கு நேரே, ஒற்றை விரலால் நிறுத்தினேன். பறக்கவில்லை!

"விலை கூடின சைக்கிளா? அதான் நிக்குது" என்றார்.

"அதே ஓட்டை சைக்கிள்தான் அத்தான். நீங்க கழட்டினதை மாட்டியிருக்கேன், அவ்வளவுதான்."

"நானா? எப்போ?" சிரிக்க வேறு செய்தார்.

கார்க் கதவு திறந்தது. "நீங்கதான்" என்றாள் அக்கா. "நான்தானே ஸ்பானர் எடுத்துக் குடுத்தேன்."

அடடா, அந்த முகம்! ஆசை தீரப் பார்த்தேன். "ஏதோ… நல்லதுக்குத்தான் கழட்டினேன்" என்று முனகினார். எல்லாருக்கும் கேட்டது. எனக்கு அது போதவில்லை.

ஜூன் 21, ஞாயிறு
அக்கா ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். சும்மா கிடந்த அவள் சைக்கிளை அவர்கள் வீட்டு வாசலில் கவிழ்த்துப் பார்த்தேன். அதிலும் முன் பிரேக் இல்லை. எப்போது கழட்டினாரோ!

அத்தான் பக்கத்தில்தான் நின்றார். நிமிர்ந்து பார்க்காமல் கையை நீட்டினேன்.

"ஸ்பானர்."

எடுத்துக் கொடுத்தார்.