வெதுவெதுப்பான தண்ணீர்

மேனாம்பேடு,
அம்பத்தூர்.

அன்புள்ள மகன் தமிழரசுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் நிம்மதி இல்லை. ஸ்வீடனில் நீயும் வித்யாவும் பேரன் இனியனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, இல்லையென்றால் இங்கே மழையில் சிக்னல் போய்விடுகிறது. அதனால் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், அப்பா கையெழுத்து புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்காதே, பெரிதாக்கி வைத்துக்கொண்டு படி. தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை மூடாமலே போய்விட்டார்கள், மழை பெய்தால் வாசலில் கால் வைக்க முடியவில்லை, பூந்தமல்லிப் பக்கம் ஒரு வேலையாகப் போனால் திரும்பி வருவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. இதெல்லாம் வழக்கமான தொல்லை, நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

டிசம்பர் லீவுக்கு வரும்போது கிண்டிப் பக்கம் ஓவன் உள்ள வாடகை ஃபிளாட் ஒன்றில் தங்கப்போவதாகச் சொன்னாயே, அன்றிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. உன்னிடம் மட்டும் ‘புள்ளைக்கு எது வசதியோ அதச் செய்யிப்பா’ என்று சிரித்தபடி சொன்னாள், போனை வைத்த பிறகு கழுவி வைத்திருந்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். உன் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. இனியனுக்குப் பால் ஆகாது, துளி பட்டாலும் உடம்பெல்லாம் தடித்துவிடும், சோறு, இட்லி எதையும் வாயில் வைக்க மாட்டான், வித்யா வீட்டில் செய்கிற ரொட்டி ஒன்றுதான் அவனுக்கு இறங்கும். கடை ரொட்டியில் பால் பவுடர் போடுகிறார்களோ என்னவோ என்ற பயம் உங்களுக்கு. போன தடவை வந்தபோது குழந்தை பசியில் அழுததும், மறுநாளே நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் எனக்கு நினைவில் இருக்கிறது. அன்றைக்கு அம்மா செய்த வஞ்சிர மீன் குழம்பு வைத்தது வைத்தபடி இருந்தது, நாங்கள் இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. அதனால்தான் இந்தத் தடவை நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ரொட்டிதானே தடை, அந்த ரொட்டியை இந்த வீட்டிலேயே செய்துவிட்டால் நீங்கள் கிண்டிக்கு எதற்குப் போகவேண்டும்? ஓவன் ஒன்று வாங்கி மிக்சிக்குப் பக்கத்தில் வைத்தேன். வித்யாவிடம் சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டுச் செய்முறையை வாங்கினேன். அம்மாவுக்கு வலது தோள்பட்டை இறுகிப்போய்க் கையைத் தூக்கவே முடியாததால் பிசைகிற வேலை என்னுடையது, நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்கிற வேலை அவளுடையது.

வித்யா எழுதியிருந்ததில் சிக்கல் எதுவும் இல்லை. மைதா, ஈஸ்ட், கொஞ்சம் உப்பு, துளி சர்க்கரை, எண்ணெய், வெதுவெதுப்பான தண்ணீர், எல்லாம் சேர்த்து நன்றாகப் பிசைந்து மூடி வைத்தால் ஒரு மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்காகும் என்று எழுதியிருந்தாள். எனக்கோ ஒரு மணி நேரம் என்ன, ஒரு பகல் முழுக்க வைத்தும் ஒரு நூல் உயரவில்லை. வைத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. பிசைந்தது போதவில்லை என்று நினைத்து மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்கிற வரைக்கும் பிசைந்தேன், அதுவும் எழும்பவில்லை. குளிருக்குத்தான் எழும்பவில்லை என்று இன்வெர்ட்டர் மேல் வைத்துப் பார்த்தேன், போர்வை போர்த்திப் பார்த்தேன், கொஞ்சம் வெயில் அடித்த நாளில் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன், அங்கே எறும்பு மொய்த்ததுதான் மிச்சம். எழும்பாததை ஓவனில் வைத்துச் சுட்டும் பார்த்தேன், கத்தி இறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வீணான மாவை அம்மா கனமான சப்பாத்தியாகத் தேய்க்கச் சொல்லிச் சுட்டுக் கொடுத்தாள், அதையே தின்று தின்று எனக்கு வயிறு உப்பிவிட்டது. வயிறு எழும்புகிறது மாவு எழும்பவில்லை என்று உன் அம்மா கிண்டல் செய்தாள், எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஈஸ்ட்தான் பழசு என்று தோன்றி நம் தெருமுனைக் கடை முகமது ஆசிக்கிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவன் பொறுமையாக ‘ஈஸ்ட்டு நல்லாத்தான் கீதுண்ணே, வாங்கிகினு போனவங்க யாரும் ஒண்ணும் சொல்லல, நீங்க இன்னா பண்றீங்கன்னு பாருங்க’ என்று சொல்லிவிட்டுப் புதுப் பாக்கெட் ஒன்றைக் கையில் கொடுத்தான். அதையும் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி அவன் கடைக்குப் போக வெட்கப்பட்டு வேறு கடையில் வாங்கினேன், அதுவும் அதே கதிதான். உன் அம்மா இட்லி மாவுக் கணக்கை இதில் கொண்டுவந்தாள். நம் தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் இட்லி மாவில் உப்புப் போட்டுக் கரைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள், அவள் கை பட்டால் மாவு பாத்திரத்தை விட்டு வழியும் என்று பேர், அந்தத் தெம்பில் ஒரு கரண்டி இட்லி மாவை இதில் ஊற்றச் சொன்னாள். விடிந்து பார்த்தால் மாவு எழும்பவில்லை, புளித்த வாடை மட்டும் வீடெல்லாம் எழும்பியிருந்தது. எதிர் வீட்டுப் புஷ்பா வந்து பார்த்துவிட்டு ‘கண்ணு பட்டுகீதுக்கா, நம்ம தெருவுல யாரு ஊட்ல இந்த மாறி பெட்டி அடுப்பு கீது’ என்று சொல்லி, உப்பும் மிளகாயும் எடுத்து மாவுக்கு மூன்று சுற்றுச் சுற்றி நெருப்பில் போட்டாள். நெடியில் நாங்கள் மூன்று பேரும் தும்மினோம், மாவு அசையவில்லை. ராணுவ டேங்க் ஃபேக்டரியில் பணிக்காலம் முழுக்க உலையில் இரும்பைப் பதம் பார்த்து அனுப்பியவன் நான், ஒரு கிண்ணம் மைதா என்னை இந்தப் பாடு படுத்துகிறதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு நாள் அந்த மாவைப் பாத்திரத்தோடு தூக்கிக் கொல்லையில் எறிந்தேன், பாத்திரம் நசுங்கிவிட்டது, அது உன் அம்மாவின் கல்யாணப் பாத்திரம். அதற்கு அவள் திட்டவில்லை. ‘உட்டுடுங்க, அவங்க அங்கயே தங்கிக்கட்டும்’ என்று மெதுவாகச் சொன்னாள், திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

குற்றம் எங்கே இருந்தது என்று கேட்டால் நீ சிரிப்பாய். முந்தாநாள் மறுபடியும் தண்ணீர் காய்ச்சி விரலை விட்டுப் பார்த்து, சரி வெதுவெதுப்பாக இருக்கிறது என்று மாவில் ஊற்றப்போனேன். அம்மா என்றைக்கும் இல்லாமல் எழுந்து வந்து அந்தத் தண்ணீரில் முழங்கையின் உள்பக்கத்தை வைத்தாள், வைத்த வேகத்தில் கத்திக்கொண்டு எடுத்தாள். ‘இன்னாங்க இது, இந்தத் தண்ணில கோழியப் போட்டா ரெக்கய புடுங்கிடலாம், இதப் போயி வெதுவெதுன்னு சொல்றீங்களே’ என்று கேட்டாள். எனக்கு நம்பிக்கை இல்லை, மறுபடி விரலை விட்டேன், எனக்கு அது வெதுவெதுப்புத்தான். உலைப் பிரிவில் நின்று நின்று என் விரல்களின் தோல் காய்த்துப்போயிருப்பது தெரியும், அடுப்பிலிருந்து துணி இல்லாமல் பாத்திரம் இறக்குவேன், அதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கையை வைத்துச் சூடு பார்த்து ஒவ்வொரு தடவையும் ஈஸ்ட்டை நானே அவித்துக் கொன்றிருக்கிறேன். முதல் நாளே அவள் தண்ணீர் சூடா என்று கேட்டாள், உலையில் வேலை பார்த்தவனுக்குச் சூடு சொல்லித் தருகிறாயா என்று வாயை அடைத்துவிட்டேன். அம்மா முழங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டே, ‘அதுக்குத்தான் தமிழு பொறந்தப்ப உங்கள தண்ணி ஊத்த உடல’ என்றாள். உன்னைக் குளிப்பாட்டும்போது என்னை அவள் பக்கத்தில் விடாததற்குக் காரணம் எனக்கு முந்தாநாள்தான் தெரிந்தது, ஆம்பிளைக்கு எதற்கு அந்த வேலை என்று விடவில்லை என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

அதன் பிறகு அவளே பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி முழங்கையில் பதம் பார்த்துக் கொடுத்தாள், நான் பிசைந்தேன், மூடி வைத்துவிட்டு இரண்டு பேரும் தூரப் போய் உட்கார்ந்துகொண்டோம். மூடியைத் திறந்தபோது மாவு விளிம்பு வரைக்கும் வந்திருந்தது, தொட்டால் பஞ்சு மாதிரி அமுங்கி மெதுவாக மேலே வந்தது. முதல் ரொட்டி ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வெளுத்து வந்தது, அந்த ஓவனோடு எனக்கு இன்னும் சண்டை தீரவில்லை, ஆனால் உள்ளே ரொட்டி ரொட்டியாகவே இருந்தது. நேற்றுச் செய்தது இன்னும் நன்றாக வந்தது. பால் இல்லை, நெய் இல்லை, ரொட்டிக்கென்று எல்லாப் பாத்திரமும் புதிதாக வாங்கிவிட்டோம், அம்மா அவற்றைத் தனி அலமாரியில் வைத்து வேறு யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். நேற்றே மாடி அறையைப் பெருக்கி ஒட்டடை அடித்து, ஒரு கையாலேயே கொசுவலை கட்டிவிட்டாள். இப்போதே எதற்கு என்று கேட்டதற்கு, ‘ரொட்டிதான் வந்துடுச்சே’ என்றாள்.

எனக்கு அங்கேதான் பயம் பிடித்துக்கொண்டது தமிழு. மாவு எழும்பாத வரைக்கும் அவள் கேட்கும்போதெல்லாம், ரொட்டிக்காகத்தான் அவர்கள் அங்கே தங்குகிறார்கள், வேறு ஒன்றும் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அவளும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது ரொட்டி வந்துவிட்டது, இனி நீ கிண்டியில் தங்கினால் அவளிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ரொட்டி ஒன்றுதான் காரணம் என்றால் அந்த ஃபிளாட்டை இன்றே வேண்டாமென்று சொல்லிவிடு. வேறு காரணம் இருந்தால், வீடு சிறியது, கொசு, தெருவில் பள்ளம், நாங்கள் ஓயாமல் பேசுவது, எதுவாக இருந்தாலும் எனக்கு எழுது, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கொசுவலையை அவளுக்குத் தெரியாமல் அவிழ்க்க முடியாது, அவளிடம் என்ன சொல்வது என்று யோசிக்க எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும்.

பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு, இனியனுக்குக் காதை மூடிக் குல்லா போடு, வித்யாவிடம் செய்முறை நல்ல செய்முறைதான், தப்பு என் மேல் என்று சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் சேர்ந்து வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, உன் பதிலை வழக்கம்போல் அம்மா போனுக்கு அனுப்பாதே, என் போனுக்கு அனுப்பு. அவள் படிப்பதற்கு முன்னால் நான் படிக்க வேண்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும்
அப்பா
சம்பந்தம்